லீவு முடிவதற்குள் கல்யாணம்: பட்டாளத்துக்காரரை மணக்கப்போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாப்பிள்ளை மிலிட்டரி. லீவில் வரப்போகிறார். திரும்பிப் போனதும் ஃபீல்டு போஸ்டிங், எல்லைப் பக்கம். அதற்கு முன் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசியாகிவிட்டது. உங்கள் நிலைமை இதுதான் என்றால் மேலே படியுங்கள்.

எங்கள் கல்யாணமும் இப்படித்தான் நடந்தது. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருப்பார். எந்தத் திண்ணையில் போய்க் கேட்டாலும் எந்தக் காகிதம், எத்தனை நகல் என்று ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் சொல்லிவிடுவார். நான் வளர்ந்தது வேலூர் டவுனில். எங்கள் தெருவில் புடவை எங்கே எடுக்கலாம், பிரியாணிக்கு யாரைச் சொல்லலாம் என்று யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. பதிவு, பெயர், நாமினி பற்றிச் சொல்லத்தான் யாருமில்லை. அவர் போன பிறகு அவற்றைத் தனியாக அலைந்து தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாலி கட்டியதும் உங்கள் கல்யாணம் ஊருக்குத் தெரிந்துவிடும். ராணுவத்துக்குத் தெரிவது, அவருடைய யூனிட் அதைப் பதிவு செய்து வெளியிடும் பார்ட் டூ ஆர்டர் என்கிற உத்தரவு வந்த பிறகுதான். கீழே வரும் படிகளில் பாதி, அந்த ஓர் உத்தரவை நோக்கிப் போகிறவை.

1. தேதி குறிக்கும் முன் லீவைக் கணக்குப் போடுங்கள்

ஜவான்களுக்கு வருடத்துக்கு 60 நாள் வருடாந்திர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. அக்னிவீரர்களுக்கு வருடத்துக்கு மொத்தமே 30 நாள். இதைக் கேட்டுவிட்டு "அறுபது நாள் இருக்கிறதே" என்று மண்டபம் பார்க்கப் போய்விடாதீர்கள். லீவு மொத்தமாகக் கிடைப்பது அபூர்வம். வருடத்தின் தொடக்கத்தில் ஒரு பகுதியை எடுத்திருப்பார். ஃபீல்டுக்குப் போகும் முன் யூனிட்டில் பயிற்சி இருக்கும். அதற்குள் திரும்பியாக வேண்டும்.

வழியில் போகிற நாட்களையும் சேருங்கள். கட்ராவிலிருந்து வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கும், ஆனால் வாரத்துக்கு ஒரு முறைதான். ஜம்மு பக்கத்திலிருந்து எந்த ரயிலில் வந்தாலும் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதற்கும் முன்னால் மலையிலிருந்து இறங்க வேண்டும், டிரான்சிட் கேம்ப்பில் காத்திருக்க வேண்டும், பனி விழுந்தால் சாலை மூடிவிடும். ஆகவே வந்து சேரும் நாளுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். கல்யாணத்துக்கும் திரும்பும் நாளுக்கும் நடுவில் அதைவிட அதிகமாக விடுங்கள். பதிவு அலுவலகம், வங்கி எல்லாம் அந்தப் பின்பாதியில்தான் நடக்க வேண்டும்.

லீவிலிருந்து திருப்பி அழைக்கப்படுவதும் உண்டு. 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது நாடு முழுக்க லீவில் இருந்தவர்களைத் திரும்ப வரச் சொன்னார்கள். கல்யாண மாலை வாடும் முன்பே கிளம்பியவர்கள் இருந்தார்கள். மண்டபம் பேசும்போது தேதி மாறினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்வது பிறகு செல்லுபடியாகாது. என் கருத்து, பெரிய மண்டபமே வேண்டாம். ரிசப்ஷனை அடுத்த லீவுக்குத் தள்ளிப்போட்டால் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொள்கிறவர்கள் எப்படிச் செய்தாலும் கோபித்துக்கொள்வார்கள்.

லீவு ஆடியிலோ மார்கழியிலோ வந்தால் இந்து வீடுகளில் பெரியவர்கள் தயங்குவார்கள். எங்கள் கிறிஸ்தவ சபைகளில் லெந்து என்கிற தவக்கால நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. அப்படி மாட்டிக்கொண்டால் பெரியவர்களிடமும் ஆயரிடமும் லீவு தேதியைக் காட்டி நேராகப் பேசுங்கள். போஸ்டிங் ஆர்டர் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை.

மாப்பிள்ளை அக்னிவீரர் என்றால் இன்னொரு எச்சரிக்கை. திருமணமாகாதவரைத்தான் அக்னிவீரராகச் சேர்ப்பார்கள். நான்கு வருடம் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். இடையில் கல்யாணம் செய்தால் அந்தத் தேர்வுக்கு என்ன ஆகும் என்பதை அவர் யூனிட்டில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நிச்சயதார்த்தம்கூட வைக்காதீர்கள்.

2. ஓலை, நோட்டீஸ்: முன்கூட்டியே தொடங்க வேண்டியவை

கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அவருடைய சபையிலும் வாசிக்க வேண்டும், உங்கள் சபையிலும் வாசிக்க வேண்டும். அவர் வந்து இறங்கிய பிறகு தொடங்கினால் லீவில் மூன்று வாரம் அதிலேயே போய்விடும். எனவே அவர் வருவதற்கு முன்பே இரண்டு ஆயர்களிடமும் பேசி, அவர் கையெழுத்திட வேண்டிய படிவத்தை தபாலில் அனுப்பி வாங்கிவிடுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், அவருடைய சபையிலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் ஆகியவை கேட்பார்கள். பட்டாளத்தில் சேர்ந்தபின் பல வருடம் அவர் சொந்த சபைப் பக்கம் போகாமல் இருந்திருக்கலாம். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாளாகும். ரொம்ப அவசரமென்றால் ஓலைக்குப் பதில் பேராயரின் அனுமதி வாங்க முடியுமா என்று ஆயரிடம் கேளுங்கள். கத்தோலிக்கர்களுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்பும் உண்டு. அவர் எங்கே, எப்படி அதை முடிப்பது என்று பங்குத்தந்தையிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வெவ்வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி செய்வதானால் கணக்கு இன்னும் இறுக்கமானது. உங்கள் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் இங்கேயே இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. சிக்கல் நோட்டீசில். இருவரும் கையெழுத்திட்டு நோட்டீஸ் கொடுத்த பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும்; நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும்; அன்றைக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். லீவு 30 நாளுக்குள் என்றால் ஒரே லீவில் இது நடக்காது. ஒரு சின்ன லீவில் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் அடுத்த லீவில் வந்து முடிக்க வேண்டும்.

3. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள். தமிழ்நாட்டில் இதில் மாட்டாத பட்டாளத்துக் குடும்பம் குறைவு.

நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் முன்னால் இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். பைபிள் பெயர் என்றால் ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டு. இதெல்லாம் நமக்குச் சாதாரணம். பதிவு அலுவலகத்தில் பெரும்பாலும் தமிழ் தெரிந்தவர் இருப்பார், புரிந்துகொள்வார். உங்கள் கணவரின் யூனிட் கிளார்க் ராஜஸ்தான்காரராகவோ அஸ்ஸாம்காரராகவோ இருக்கலாம். அவருக்கு இரண்டு எழுத்துக்கூட்டு என்றால் இரண்டு பெண்கள்.

இன்றைக்கு விட்ட ஓர் எழுத்து எப்போது வந்து நிற்கும் தெரியுமா? முப்பது வருடம் கழித்து, குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போது. மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பாருங்கள். வயதான அம்மாக்கள் பெயரையும் பிறந்த தேதியையும் திருத்தத்தான் பையும் கையுமாக வந்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஆதார், பான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றுவதுதான் கடினம், எனவே மற்றவற்றை அதற்கு ஒத்துவரும்படி திருத்துங்கள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆதார் மையத்துக்குப் போய்விடுங்கள். கட்டணம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அவருடைய பெயர் ராணுவப் பதிவில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துக்கூட்டு பத்திரிகையிலும் பதிவு விண்ணப்பத்திலும் வர வேண்டும். பத்திரிகையில் செல்லப் பெயர், பட்டப்பெயர் எல்லாம் போடாதீர்கள். பத்திரிகையும் ஓர் ஆவணம்தான்.

கல்யாணமான உடனே இனிஷியலை மாற்றி அவர் பெயரைச் சேர்க்க ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பதிவும் பார்ட் டூவும் பழைய பெயரிலேயே முடியட்டும். நடுவில் மாற்றினால் எந்தப் பெயரும் எதனுடனும் ஒத்துப்போகாது. என்னைக் கேட்டால் மாற்றாமலே விடுவது நல்லது.

4. திருமணப் பதிவு

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி எந்த மதக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம். கோயில் ரசீது, தேவாலயப் பதிவேட்டின் நகல், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவு ஆகியவை இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். கல்யாண நாளிலிருந்து 90 நாளுக்குள் என்றால் கட்டணம் 100 ரூபாய். அதற்கடுத்த 60 நாளுக்குள் என்றால் 150 ரூபாய்.

இந்த 90 நாள் என்கிற பேச்சை நம்பி உட்காராதீர்கள். இரண்டு பேரும் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். அவருக்குப் பதில் அண்ணனோ அப்பாவோ போட முடியாது. உங்களுக்கு இருப்பது 90 நாள் இல்லை. லீவில் எத்தனை நாள் மிச்சமோ அத்தனைதான்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் முதலில் விண்ணப்பத்தை நிரப்பி, நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். கல்யாணம் நடந்த இடத்துச் சார்பதிவாளரிடமும் பதியலாம். உங்கள் இருவரில் ஒருவரின் நிரந்தர முகவரிக்குரிய அலுவலகத்திலும் பதியலாம். எது கூட்டம் குறைவோ அதைத் தேர்ந்தெடுங்கள். முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு மனை வாங்குகிறவர்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: இருவரின் ஆதார், வயதுச் சான்று, இருப்பிடச் சான்று, கல்யாணப் பத்திரிகை, மாலையோடு இருக்கும் கல்யாண போட்டோ, பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள், கல்யாணம் நடந்ததற்கான கோயில் அல்லது தேவாலயச் சான்று. சாட்சிகள் தங்கள் அசல் அடையாள அட்டையோடு வர வேண்டும். ஒருவர் கடைசி நேரத்தில் கழன்றுகொள்வார் என்று வைத்து, தேவைக்கு மேல் ஒருவரைச் சேர்த்தே அழைத்துப் போங்கள்.

அங்கே யாராவது அவருடைய ராணுவ அடையாள அட்டையின் ஜெராக்ஸ் கேட்டால் கொடுக்கக் கூடாது. அந்த அட்டையை நகலெடுப்பது தடை. ஆதாரும் வாக்காளர் அட்டையும் போதும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அலுவலக வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அரசுக் கட்டணம் எவ்வளவு என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

சான்றிதழ் வந்ததும் அந்த இடத்திலேயே நின்று ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு செய்து நோட்டரி கையெழுத்து வாங்குங்கள். சான்றிட்ட நகல்கள் கூடுதலாக எடுத்து வையுங்கள். அசல் உங்களிடம், நகல் அவர் பெட்டியில்.

5. பார்ட் டூ ஆர்டர்

அவர் யூனிட்டுக்குத் திரும்பியதும் கல்யாணத்தைத் தெரிவித்து விண்ணப்பம் கொடுப்பார். யூனிட் அதைப் பார்ட் டூ ஆர்டராக வெளியிடும். அது ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் என்றால் பெங்களூரு. அங்கே பதிவானதும் நீங்கள் ராணுவப் பதிவின்படி அவருடைய நெருங்கிய உறவு. மருத்துவம், ரயில் வாரண்ட் (அரசு செலவில் ரயிலில் போவதற்கான சீட்டு), குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம் எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளைக்கிறது.

பொதுவாகக் கேட்பது திருமணச் சான்றிதழ், ஜோடி போட்டோ பல பிரதிகள், உங்கள் ஆதார், பான், பிறந்த தேதிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம். சில இடங்களில் நோட்டரி பிரமாணப் பத்திரமும் கேட்பார்கள். முத்திரைத்தாள், நோட்டரி எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய் ஆகும். பட்டியல் யூனிட்டுக்கு யூனிட் கொஞ்சம் மாறும். அதனால் அவர் லீவில் கிளம்பும் முன்பே ஹெட் கிளார்க்கிடம் கேட்டு, பட்டியலை எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். ஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு காகிதம் குறைகிறது என்று தெரிந்தால், அது தபாலில் போய்ச் சேர்வதற்குள் அவரே வேறு போஸ்ட்டுக்கு ஏறியிருப்பார்.

யூனிட் இடம் மாறும் நேரத்தில் விண்ணப்பம் ஏதோ ஒரு ஃபைலில் தூங்கிவிடும். "கொடுத்துட்டேன்" என்று அவர் சொல்வதோடு விடாதீர்கள். ஆர்டர் நம்பர், தேதி இரண்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எரிச்சலாக இருந்தாலும் கேளுங்கள்.

அடுத்தது நாமினி. கல்யாணத்துக்கு முன் ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸ், சேமநல நிதி எல்லாவற்றிலும் அவர் அம்மாவின் பெயர்தான் இருக்கும். பார்ட் டூ வந்தால் அது தானாக மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம். குடும்ப ஓய்வூதியம் விதிப்படி முதலில் மனைவிக்குத்தான் வரும். இன்ஷூரன்ஸ் பணத்தைப் பங்காகப் பிரித்து எழுதலாம். இதைப் பற்றிப் பேசினாலே "வந்ததும் வராததுமா சாவைப் பத்திப் பேசுறா" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கும். மகனைப் பெற்று வளர்த்தவர் மாமியார்தானே. அவருக்கும் ஒரு பங்கு எழுதச் சொல்லி, கணவர் லீவில் இருக்கும்போதே கூடத்தில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். மகனே பேச்சை எடுக்கட்டும், மருமகள் எடுக்க வேண்டாம். இது தந்திரம்தான், ஆனால் வேலைக்காகும்.

6. பணம்

கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். அதோடு உங்கள் பெயரில் தனிக் கணக்கும் இருக்கட்டும். அவர் கணக்கில் சம்பளம் வந்ததும் உங்கள் கணக்குக்குக் குறிப்பிட்ட தொகை தானாக வரும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுக்கச் சொல்லுங்கள். காரணம் சாதாரணமானது. அவர் இருக்கும் இடத்தில் சிக்னல் இல்லையென்றால் ஓ.டி.பி. வராது. ஓ.டி.பி. வரவில்லையென்றால் கேஸ் சிலிண்டருக்குக்கூட நீங்கள் மாமனாரிடம் கை நீட்ட வேண்டும்.

கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தால் தவணை எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில் போகிறது என்று எழுதி வாங்குங்கள். நகைக்கடன் ரசீது, பைக் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

7. எங்கே இருப்பது, உடம்பு சரியில்லையென்றால் எங்கே போவது

அம்மா வீடா, மாமியார் வீடா என்பதை அவர் ரயில் ஏறும் முன் முடிவு செய்யுங்கள். அவர் போனபின் பேசினால் சண்டையாகும். மாதத்தில் இத்தனை நாள் இங்கே, இத்தனை நாள் அங்கே என்று மகன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போவது நல்லது. வேலைக்குப் போகிறவராக இருந்தால் விடாதீர்கள். பகல் பொழுது போகும், கையில் காசும் இருக்கும்.

பணியில் இருப்பவரின் மனைவிக்கு ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. நமக்குப் பக்கம் என்றால் சென்னை. அதற்குச் சார்ந்தோர் அடையாள அட்டை வேண்டும், அதற்கும் பார்ட் டூ வேண்டும். வேலூரில் இருக்கும் இ.சி.எச்.எஸ். கிளினிக்குக்குப் போகலாமே என்று ஊரில் சொல்வார்கள். அது ஓய்வுபெற்றவர்களுக்கானது. உங்கள் மாமனார் முன்னாள் படைவீரர் என்றால் அவருக்கு உண்டு, உங்களுக்குக் கிடையாது. அட்டை கைக்கு வரும்வரை உங்கள் செலவுக்கு என்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

அவர் போனபின் குழந்தை உண்டாகியிருப்பது தெரிந்தால், பிரசவமானதும் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிடுங்கள், கட்டணம் இல்லை. அதற்கும் ஒரு பார்ட் டூ ஆர்டர் உண்டு. பெயர் எழுத்துக்கூட்டுப் பாடம் மறுபடியும் முதலிலிருந்து.

8. போன், கடிதம், பார்சல்

ஜம்மு காஷ்மீர், லடாக் என்றால் நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு செய்யும். லீவிலேயே மாற்றிவிடுங்கள், கடைசி நாளில் ஓடாதீர்கள். ஓ.டி.பி. விஷயமும் இதோடு சேர்ந்ததுதான்.

முகவரியில் ஊர் பெயர் வராது. ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், 9இல் தொடங்கும் பின்கோடு, கடைசியில் ராணுவத் தபால் நிலையத்தைக் குறிக்கும் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் என்றால் 99. தனியார் கூரியர் அங்கே போகாது. தபால் நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும். போய்ச் சேர எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் கெட்டுப்போகாததாக அனுப்புங்கள். பருப்புப் பொடி, முறுக்கு, தட்டை போகும். எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் வேண்டாம். ஆற்காடு மக்கன் பேடா அவருக்கு எவ்வளவு உயிராக இருந்தாலும் பாகோடு பார்சலில் போட்டால் மற்ற துணியும் கடிதமும் சேர்ந்து இனிக்கும்.

கடிதம் எழுதுங்கள். வீடியோ காலில் சிக்னல் வரும் இரண்டு நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். கடிதத்தை அவர் டியூட்டி முடிந்து பத்து முறை படிப்பார். வீட்டுச் சண்டையை மட்டும் அதில் எழுதாதீர்கள். அது போய்ச் சேரும்போது நீங்கள் சமாதானமாகியிருப்பீர்கள், அவர் அங்கே புதிதாகக் கவலைப்படத் தொடங்குவார்.

யூனிஃபார்ம் போட்டோ, யூனிட் பெயர், ரயில் ஏறும் தேதி எதையும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். உங்கள் தம்பியிடமும் சொல்லி வையுங்கள். போடுவது பெரும்பாலும் அவன்தான்.

9. காத்திருக்கும் மாதங்கள்

இதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, ஆனால் முன்னேற்பாடு உண்டு.

கிளம்பும் முன் இருவரும் ஒரு நேரம் பேசி வையுங்கள். இரவு ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. அந்த நேரத்தில் நீங்கள் இங்கே ஜெபிக்கிறீர்கள், அவர் அங்கே. டியூட்டியில் நின்றாலும் மனதுக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் பைபிளில் உள்ள சங்கீதத்தை வரிசையாக, நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். பேச முடியாத வாரங்களிலும் இன்றைக்கு அவர் எதை வாசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். இதற்கு நெட்வொர்க் வேண்டாம். இந்துத் தோழி ஒருத்தி இதையே வெள்ளிக்கிழமை ஜலகண்டேஸ்வரர் கோயில் விளக்காக வைத்துக்கொண்டாள். வழி எதுவானாலும் சிறியதாக, தினமும் செய்யக்கூடியதாக இருக்கட்டும். பெரிய நேர்த்திக்கடனையும் கடும் உபவாசத்தையும் முதல் மாதத்திலேயே தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தனியாக இருக்கும்போது ஏற்கனவே சாப்பாடு இறங்காது. அதில் விரதமும் சேர்ந்தால் மயங்கி விழுவீர்கள், போன் அவருக்குத்தான் போகும்.

சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். அங்கே ஏற்கனவே கணவரையோ மகனையோ எல்லைக்கு அனுப்பிவிட்டு இருப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் அறிவுரை சொல்ல மாட்டார்கள். டீ போட்டுக் கொடுப்பார்கள். ஆயரிடம் ஜெபக் குறிப்பு கொடுக்கும்போது அவர் பெயரை மட்டும் கொடுங்கள். ஊரும் யூனிட்டும் மைக்கில் வேண்டாம். ஆராதனை இப்போதெல்லாம் யூடியூபில் நேரலையாகப் போகிறது.

"விசுவாசம் இருந்தா அழக் கூடாது" என்று ஒருவராவது சொல்வார். அதை நான் ஏற்கவில்லை. அழுவதற்கும் விசுவாசத்துக்கும் சண்டை கிடையாது. சங்கீதத்தில் பாதி அழுகைதான். "பொண்ணு வந்த நேரம்" என்று பேசுகிறவர்களும் வருவார்கள். அவருக்குப் புரமோஷன் வந்தால் உங்கள் ராசி, காலில் அடிபட்டால் அதுவும் உங்கள் ராசி. இரண்டையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுங்கள்.

டிவி செய்தியை நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் ஏதாவது நடந்தால் பெரும்பாலும் அங்கே போன் தொடர்பைக் கொஞ்ச காலம் நிறுத்திவிடுவார்கள். அழைப்பு வராதது கெட்ட செய்தி என்று பொருளில்லை. பல நாள் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் போனால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். ஜெபித்துக்கொண்டே மருத்துவரிடமும் போகலாம்.

10. அவசரத்துக்கு ஒரு தாள்

அவருடைய ராணுவ எண், யூனிட், கம்பெனி சீனியர் ஜே.சி.ஓ.வின் (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) எண், யூனிட் அலுவலக எண், கூட இருக்கும் நண்பர் ஒருவரின் எண், அந்த நண்பரின் மனைவியின் எண், ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி, மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலக எண். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்தால் போன் கெடும் நாளில்தான் தேவைப்படும்.

வீட்டில் யாருக்காவது உடல்நிலை மோசமாகி அவர் வர வேண்டுமென்றால் யூனிட்டுக்குப் போன் செய்வதோடு மருத்துவமனையில் ஒரு சான்று வாங்கி அனுப்புங்கள். நோயாளிக்கும் அவருக்கும் என்ன உறவு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

"உங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டிருச்சு, உடனே பணம் அனுப்புங்க" என்று ஹிந்தியிலோ அரைகுறைத் தமிழிலோ அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, தாளில் இருக்கும் யூனிட் எண்ணுக்கு நீங்கள் அழையுங்கள். காயம்பட்ட வீரரின் சிகிச்சைக்கு ராணுவம் குடும்பத்திடம் பணம் கேட்காது. ஆபீசர் என்று சொல்லிக்கொண்டு யூனிட் இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரிக்கும் அழைப்புகளுக்கும் இதே மருந்து.

11. அடுத்த லீவும் குவார்ட்டர்ஸும்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. லீவு உறுதியாகும் முன்பே போக வர டிக்கெட் போட்டுவிட்டு, தேவைப்பட்டால் ரத்து செய்யுங்கள். காத்திருப்புப் பட்டியலில் நின்று லீவைக் கரைப்பதைவிட ரத்துக் கட்டணம் மலிவு. பார்ட் டூ வந்தபின் உங்களுக்கும் ரயில் வாரண்டுக்குத் தகுதி உண்டு என்பதால் அதைப் பற்றியும் அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஃபீல்டு முடிந்து, குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனுக்கு மாறும் ஆர்டர் வந்ததுமே ஃபேமிலி குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருக்கும்; போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் மாதங்கள் ஓடிவிடும். கிளம்பும்போது பாத்திரம் பண்டத்தைவிட முதலில் எடுத்து வைக்க வேண்டியவை அசல் திருமணச் சான்றிதழ், ஆதார், பார்ட் டூ ஆர்டரின் நகல், ஜோடி போட்டோ நான்கைந்து. புது ஸ்டேஷனில் கேட் பாஸிலிருந்து கேன்டீன் வரை மறுபடியும் எல்லாவற்றையும் கேட்பார்கள்.